பதினேழு இருமல்கள்

இருமினால் கப்பல் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டதாக, ஆட்கள் குடியிருக்கும் லயமெங்கும் பேச்சு. துரை அத்தனை சுருக்கமாகச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில், காகிதத்தில், கையெழுத்துப் போட்டுச் சொன்னார். ஒரு மாதத்துக்கு மேல் இருமுகிற ஆட்களின் பெயர் தோட்டத்திலிருந்து நீக்கப்படும். மாதக் கடைசியில் பினாங்கிலிருந்து கிளம்பும் கப்பலில் அவர்கள் நாகப்பட்டினத்துக்கு அனுப்பப்படுவார்கள். விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், ஆபீசின் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி சிவகுரு அதைத் தமிழில் வாசித்தார். அன்றுவரை அந்தக் களத்தின் ஏதாவது ஒரு மூலையில் யாராவது இருமிக்கொண்டே இருப்பார்கள். அவர் வாசித்து முடித்தபோது ஒரு சத்தமில்லை. முந்நூறு பேரும் தொண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ரப்பர் விலை தலைகுப்புற விழுந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் வருஷம் அது. குருண் ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களெல்லாம் ஆள் குறைக்கச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தன. போதாததற்கு, எங்கோ ஒரு தோட்டத்தில் காசநோய் புகுந்து ஒரு லயமே காலியானதாகத் துரையின் காதில் செய்தி விழுந்திருந்தது. சாக்கும் பயமும் கைகோத்துக்கொண்டால் கேட்கவா வேண்டும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தக் கிளம்பிவிட்டார் மனிதர்.

கொளுத்த நெருப்புக்குச்சி எடுத்துக் கொடுத்தவர், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கதிரவேலு.

டாக்டர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மருந்து கலக்குவதும், கட்டுப் போடுவதும், பல் பிடுங்குவதும் டிரசர்தான். கதிரவேலு யாழ்ப்பாணத்துக்காரர். முப்பத்தொரு வயது. வெள்ளை வேட்டிக்கு மேல் வெள்ளைக் கோட்டு. இரண்டிலும் ஒரு கறை இருக்காது. நான்கு வருஷமாக இருமல் என்று யார் வந்தாலும் ஒரே கறுப்பு மருந்தை ஒரே அளவுக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார். யாரையும் அவர் ஏமாற்றவில்லை. இருமலுக்கு இருமல் மருந்து, அவ்வளவுதான் என்று நம்பினார். துரை பட்டியல் கேட்டபோது பதினேழு பெயரை அழகான கையெழுத்தில் எழுதி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நீளமான அடைப்புக்குறி போட்டு, பக்கத்தில் ‘நாட்பட்ட இருமல்’ என்று எழுதிக் கொடுத்தார். அந்த அடைப்புக்குறிதான் கப்பலாகி வந்து நின்றது.

பெரட்டு முடிந்து அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வாசலில் அழகம்மா காத்திருந்தாள். புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கப்போடுகிறவள். இருபத்தாறு வயதிருக்கும். மன்னார்குடிப் பக்கம் சாதி விட்டுச் சாதி அய்யாவு என்பவனைக் கட்டிக்கொண்டு, ஊருக்குத் தெரியாமல் கப்பலேறி வந்தவள். பாலுக்குப் பட்டை சீவும் மரம்வெட்டில் அய்யாவு தோட்டத்திலேயே கெட்டிக்காரன். அவனைத் துரை விடமாட்டார். அவர்களுக்கு நான்கு வயதில் பவளம் என்று ஒரு பெண் குழந்தை.

“என் பேரும் லிஸ்டுல இருக்குன்னாங்க ஐயா” என்றாள். “ஊருல எறங்குனா எங்கண்ணனுங்க என்னைய உசுரோட விடமாட்டானுங்க. ஐயாதான் எழுதுனீங்களாம். ஐயாதான் அழிக்கணும்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார். கடன் கொடுத்தவள் திருப்பிக் கேட்பதுபோல நின்று கேட்டுவிட்டு, இரண்டு முறை இருமிவிட்டு வேலைக்குப் போனாள். கதிரவேலுவுக்கு முகமெல்லாம் எரிந்தது. அன்றைக்கே துரையின் ஆபீசுக்குப் போனார்.

“அந்தப் பட்டியல் தவறு, சார். பதினேழு பேருக்கும் ஒரே வியாதி இல்லை.”

“ஒரே வியாதி என்று எழுதியது நீதானே?”

“நான் பார்க்காமல் எழுதினேன். மூன்று வாரம் கொடுங்கள். யாருக்கு என்ன இருமல் என்று பிரித்துத் தருகிறேன்.”

துரை புகைக்குழாயைப் பற்றவைத்துவிட்டு யோசித்தார். “சரி. காசம் உள்ளவர்கள் மட்டும் கப்பலுக்குப் போகட்டும். ஆனால் காசம் இல்லை என்று நீ சொல்லி நிறுத்துகிறவர்களில் ஒருவனுக்கு அது இருந்தால், அவன் பின்னால் நீயும் போகவேண்டும்.”

ஒப்புக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வந்தபிறகுதான் எப்படிப் பிரிப்பது என்று தமக்குத் தெரியாது என்பது உறைத்தது. மார்பில் குழாய் வைத்துக் கேட்டால் பதினேழிலும் கரகரப்பு. மருந்துப் புத்தகத்தில் காசநோய்க்குப் பத்துப் பக்கம் இருந்தது. மற்ற இருமல்களுக்கு அரைப் பக்கம்.

வழி காட்டியவள் ஆஸ்பத்திரி ஆயா கேதரின். பண்டார் பாரு ஊரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். வாயைக் கட்டிப்போட்டால் கண்ணால் பேசுவாள்.

“என்னைய்யா இப்படித் தலையில கைய வச்சுட்டீங்க? பாப்பம்மாக்கா இருமலும் முனியாண்டி அண்ணன் இருமலும் ஒண்ணா? லயத்துல கண்ண மூடிக்கிட்டே யாரு இருமுறாங்கன்னு சொல்லிடுவோம்லா. அதுக்குன்னு நேரம் இருக்கு, சத்தம் இருக்கு.”

“நேரமோ?”

“ஆமா. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு நேரம்.”

கதிரவேலு அதைப் பிடித்துக்கொண்டார். எத்தனை நாளாக இருமுகிறாய் என்று நான்கு வருஷம் கேட்டவர், எப்ப இருமல் வாறது என்று கேட்கத் தொடங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் கேட்டால் எல்லாரும் “இப்ப சுத்தமா நின்னுடுச்சுங்க” என்றார்கள். ஆகவே லயத்துக்கே போனார். வேலைக்காட்டுக்குப் போனார். வெள்ளைக் கோட்டு மனிதர் மேட்டுக்காட்டில் மூச்சு வாங்க ஏறி, ஒரு ஆளுக்குப் பின்னால் நின்று அவன் இருமுகிறானா என்று காது கொடுத்துக் கேட்பதைத் தோட்டம் வேடிக்கை பார்த்தது. டிரசருக்கு மண்டைக் கோளாறு என்று இரண்டு நாள் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள், அவர் யாரையும் கப்பலுக்குப் பிடிக்க வரவில்லை என்று புரிந்துகொண்டு அவர்களே கூப்பிட்டுச் சொன்னார்கள்.

பாப்பம்மாவுக்குப் படுத்தால்தான் இருமல். எழுந்து உட்கார்ந்தால் நின்றுவிடும். வாயெல்லாம் புளிக்கும் என்றாள். பகலெல்லாம் பட்டினி கிடந்து, இரவு ஒரு சட்டி சோற்றைத் தின்றுவிட்டு அப்படியே சாய்கிறவள். அவளுக்குத் தலைமாட்டில் ஒரு பலகையை வைத்து உயர்த்திப் படுக்கச் சொல்லி, சோற்றை விளக்கு வைக்கும் நேரத்துக்கே முடிக்கச் சொன்னார். நான்காம் நாள், “பலகையில மந்திரம் கிந்திரம் போட்டீங்களாய்யா?” என்று கேட்டு வந்தாள். அவளைப்போலவே இன்னொருத்தி இருந்தாள். ஜெராய் மலையிலிருந்து பனி இறங்கும் விடியலிலும் மழை நாளிலும் மட்டும், மார்பு விசிலடிக்க இருமுகிறவர்கள் நான்கு பேர். அது இழுப்பு. இரண்டு பேர் சமதரையில் இருமவில்லை, மேடு ஏறினால் இருமினார்கள். அவர்களுடைய கீழிமையைப் பிதுக்கினால் காகிதமாய் வெளுத்திருந்தது. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி நின்றது. அவர்களுக்கு இரத்தக் குறைவு. வயிற்றில் பூச்சி. அவர்களுக்கு இருமல் மருந்து கொடுத்து வந்த நான்கு வருஷத்தை நினைத்துக் கதிரவேலு ஒரு வேளை சாப்பிடவில்லை.

நடராஜா என்பவன் கங்காணி வரும்போது மட்டும் இருமினான். கங்காணி அந்தப் பக்கம் போய்விட்டால் ஊமை. இன்னொருவன் மனைவி திட்டும்போது இருமினான். அவை வேலைக்கும் வீட்டுக்கும் பயந்த இருமல்கள். “இதுக்கு என்னட்ட மருந்தில்லை” என்று சொல்லிவிட்டார்.

மிச்சம் ஏழு பேர். அதில் முனியாண்டியும் ஒரு கிழவரும் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். மாலையானால் காய்ச்சல், விடிந்தால் வேர்வை. அவர்களைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை. மற்ற ஐந்து பேர் புகைக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள். ஈர விறகின் புகையில் நாளெல்லாம் நின்றால் மரமும்கூட இருமும். கங்காணியிடம் சொல்லி ஐந்து பேரையும் ஒரு வாரம் புல்லு வெட்ட அனுப்பினார். நான்கு பேருக்கு இருமல் போன இடம் தெரியவில்லை. அழகம்மாவுக்குக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

“எல்லாரையும்விட நீ கனகாலம் அங்கை நிண்டனீ. உனக்குப் போக நாளெடுக்கும்” என்றார்.

“புகைதானேங்க ஐயா?” என்றாள் அழகம்மா.

“புகைதான்.”

அவளுக்கு அது புகையாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் கண்ணும் அந்தப் பக்கம்தான் சாயும். அவள் சட்டை தோளில் தொளதொளத்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஏழைக்குச் சட்டை எப்போது பொருந்தியது என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடித்துவிட வேண்டும் என்றுதான் சளியைச் சோதனைக்கு அனுப்ப முடிவெடுத்தார். பட்டணத்து ஆஸ்பத்திரியில் பூதக்கண்ணாடி வைத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளில் புதிதாகப் பதினேழை வாங்கி, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, சனிக்கிழமை சாயங்காலமே கொடுத்தனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். கதிரவேலு மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாலு முழத் தூரத்தில் ஒரு பெஞ்சு. ஒவ்வொருவராக வந்து மங்கைப் பெஞ்சில் வைத்துக் கும்பிட்டுப் போனார்கள். அவர் ஒரு மூங்கில் இடுக்கியால் எடுத்து மூடி போட்டுப் பெட்டியில் அடுக்கினார். பெட்டி அடுத்த நாள் குருண் ஸ்டேஷனிலிருந்து ரயிலேறிப் போயிற்று.

வியாழக்கிழமை பதில் வந்தது. பதினேழு பேரில் ஒருவருக்கும் கிருமி இல்லை.

துரை அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். அவருக்கு மகிழ்ச்சியா ஏமாற்றமா என்று சொல்லத் தெரியவில்லை. “நல்லது. யாரும் போகவேண்டாம்” என்றார். அன்று சாயங்காலம் லயத்தில் அடங்கிக் கிடந்த இருமலெல்லாம் திறந்துவிட்ட மடைபோலக் கேட்டது. பாப்பம்மா ஒரு தட்டு வடை சுட்டு அனுப்பினாள். அழகம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் அவர் காலடி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். கதிரவேலுவுக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

வடையைத் தின்றபடி கேதரினிடம் சொன்னார். “முனியாண்டிக்கு இல்லையெண்டதுதான் எனக்கு அதிசயம். அந்தாளின்ரை சளி தண்ணி மாதிரித் தெளிவாய்க் கிடந்தது.”

“தெளிவா இல்லாம? உப்புத் தண்ணியில மூணு தரம் கொப்புளிச்சிட்டு, மங்கையும் சாம்பல் போட்டுக் கழுவிட்டுத்தானே துப்புனாங்க.”

கதிரவேலுவின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. “ஆர்?”

“எல்லாரும்தான். பைப்புக்கிட்ட பெரிய கூட்டம். சில பேரு கிராம்புகூட மென்னாங்க.”

“சளியெல்லோ கேட்டனான்? ஏன் அப்பிடிச் செய்தவை?”

கேதரின் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “ஐயா கையில எச்சியைக் கொடுக்கறதே பாவம். அதுல கோழையை வேற காறித் துப்பியா கொண்டாந்து வைப்பாங்க? நீங்க மூக்கைக் கட்டிக்கிட்டு, இடுக்கிய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அதப் பாத்த பெறகு யாருக்கு மனசு வரும்? மரியாதையா சுத்தம் பண்ணித்தான் கொடுத்தாங்க.”

அவர் வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். பட்டணத்து ஆஸ்பத்திரி பூதக்கண்ணாடியில் பார்த்தது பதினேழு பேருடைய மரியாதையை. கிருமி எப்படித் தெரியும்?

பெரிய கிராணி சிவகுருவும் யாழ்ப்பாணத்துக்காரர், வயதில் மூத்தவர். கதிரவேலு நேரே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். சிவகுரு வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

“உமக்கென்ன விசரே தம்பி? துரை ஒருத்தரும் போகவேண்டாம் எண்டிட்டார். பதினேழு சனமும் சந்தோசமாய்க் கிடக்குது. சும்மா கிடந்த சங்கை ஏன் ஊதிக் கெடுக்கிறீர்?”

“முனியாண்டிக்கு நிச்சயம் இருக்கண்ணை. அந்தாள் லயத்திலை பத்துப் பேரோடை படுக்குது.”

“இருக்கட்டும். நாளைக்குச் செத்தால் காய்ச்சல் எண்டு எழுதும்.”

“முந்தியும் அப்பிடித்தான் பாராமல் எழுதினனான்.”

“துரை உம்மையும் சேர்த்தல்லோ வேலையாலை கலைப்பார்.”

“கலைச்சால் போறன்” என்று கதிரவேலு எழுந்தார். ஊரில் தாயும் கட்டிக்கொடுக்காத இரண்டு தங்கைகளும் அவர் அனுப்புவதை வைத்துத்தான் சாப்பிட்டார்கள். தைரியசாலிக்குப் பயமில்லை என்று யார் சொன்னார்களோ, அவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் துரையிடம் எல்லாவற்றையும் சொன்னார். துரை மேசையில் அடித்த அடியில் மைக்கூடு துள்ளியது. முட்டாள் என்றார். அதற்கு மேலும் சில சொன்னார். கதிரவேலு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

“கப்பலுக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது, சார். மறுபடி எடுக்கிறேன். இந்த முறை நானே பட்டணத்துக்குக் கொண்டுபோய், நின்று பதில் வாங்கி வருகிறேன்.”

“ஏழு நாள். அதற்குமேல் ஒரு மணி நேரமும் கிடையாது.”

இரவு நெஞ்சில் கட்டுகிற சளி, எழுந்தவுடன் வாய் கொப்புளிக்கும் முன்னால் வர வேண்டும். ஆகவே அடுத்த நாள் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு அடிக்கும் முன்பே கதிரவேலு லயத்துக்குப் போனார். கைக்குட்டை இல்லை, இடுக்கி இல்லை. கேதரின் விளக்கைப் பிடித்தாள். லயத்தில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மனிதர் முனியாண்டியின் பாய் ஓரத்தில் முழங்காலில் உட்கார்ந்து, மங்கைத் தம் கையால் அவன் வாய்க்குக் கீழே பிடித்தார்.

“ஐயா, வேணாங்கய்யா. பாவங்கய்யா” என்று முனியாண்டி தலையைத் திருப்பிக்கொண்டான்.

“பாவம் என்ரை தலையிலை. காறித் துப்பு.”

அவன் துப்பினான். கொஞ்சம் கதிரவேலுவின் விரலில் பட்டது. முனியாண்டி பதறிப்போனான். அவர் விரலைக் கிருமி கொல்லும் கார்பாலிக் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். செய்தி அவருக்கு முன்னால் ஓடியது. மூன்றாவது வீட்டிலிருந்து யாரும் மறுக்கவில்லை. பாப்பம்மாவுக்குத்தான் வெட்கம் தாளாமல் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்தில் வரவேண்டியது வந்துவிட்டது.

கடைசி வீடு அழகம்மாவுடையது. அய்யாவு வாசலிலேயே நின்றிருந்தான். அவன் குரலைத் தாழ்த்தினான்.

“ஐயா, மங்கை எங்கிட்ட கொடுங்க. நான் துப்பித் தரேன். எனக்கு ஒண்ணும் இல்ல. யாருக்குத் தெரியப்போவுது?”

அழகம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் பாயில் பவளம் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அழகம்மா மங்கைக் கதிரவேலுவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“சும்மா இருய்யா நீ” என்றாள் புருஷனிடம். பிறகு டிரசரைப் பார்த்தாள். “ஐயா புகைன்னு சொன்னீங்க. நானும் புகைன்னு சொன்னேன். பத்து நாளைக்கு முன்னாடி ரத்தம் வந்திச்சு. சொல்லல. கப்பலுக்குப் பயந்து சொல்லல.”

கதிரவேலு பாயில் தூங்கும் பவளத்தைப் பார்த்தார்.

“புள்ள என் மூச்சுல மூச்சா படுத்துக் கெடக்குது ஐயா. எனக்கு அந்த நோயின்னா அதுக்கு வரக் கூடாது. பாத்துச் சொல்லிடுங்க.”

திரும்பி நின்று ஆழமாக இருமித் துப்பி, மங்கை அவர் கையில் கொடுத்தாள். வெள்ளைச் சளியில் நூல்போலச் சிவப்பு ஓடியிருந்தது. பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. லயத்துக் கோடி தாண்டி, யார் கண்ணிலும் படாத இடம்வரை நடந்துபோய், கதிரவேலு ஒரு ரப்பர் மரத்தில் சாய்ந்துகொண்டு அழுதார். தாம் எழுதிய ஒற்றை வார்த்தையால் பதினேழு பேரைக் கப்பலேற்றப் பார்த்தவர், தமக்குப் பிடித்த ஒற்றை வார்த்தையால் இவளைக் கைவிட்டிருந்தார். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

மூன்று நாள் பட்டணத்து ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தார். பதில் இரண்டு பெயராக வந்தது. முனியாண்டி, அழகம்மா. எலும்பும் தோலுமான கிழவருக்குக் கிருமி இல்லை.

துரைக்கு முன்னால் இந்த முறை ஒரு முழுக் காகிதத்தை வைத்தார். பதினேழு பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே அவரவர் இருமல். அது எப்போது வருகிறது, எதனால் வருகிறது, எதனால் நிற்கும். கிழவருக்கு எதிரே ‘இன்னும் தெரியவில்லை; மறுபடி சோதிக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார். அடைப்புக்குறியே இல்லை.

துரை நிதானமாகப் படித்தார். “சரி. இரண்டு பேர். வெள்ளிக்கிழமை கப்பல். நீயும் தப்பித்துக்கொண்டாய்.”

“அவர்களைக் கப்பலில் ஏற்ற முடியாது, சார்.”

“ஏன்?”

“ஏறும் இடத்தில் கப்பல் டாக்டர் நோய்ச் சீட்டுக் கேட்பார். சளியில் கிருமி, இரத்தம் வருகிறது என்று நான் எழுதியே ஆகவேண்டும். கப்பல் தளத்தில் ஆயிரம் பேரோடு அவர்களைப் படுக்கவிட எந்த டாக்டரும் சம்மதிக்க மாட்டார்.”

“எழுதாதே. நாட்பட்ட இருமல் என்று எழுது.”

“அதை ஒருமுறை எழுதினேன், சார். இனி எழுத மாட்டேன்.” கதிரவேலு காகிதத்தில் விரலை வைத்தார். “கப்பலில் ஏறக்கூடிய பதினைந்து பேரை அனுப்ப இப்போது காரணம் இல்லை. காரணம் உள்ள இரண்டு பேரைக் கப்பல் ஏற்றாது. உங்கள் உத்தரவுக்கு ஆளே இல்லை.”

துரை பக்கத்தில் நின்றிருந்த சிவகுருவைப் பார்த்தார். சிவகுரு கூரையைப் பார்த்தார்.

“பிறகு அவர்களை என்ன செய்வதாம்?”

“ஆஸ்பத்திரிக்குப் பின்னால், காற்று வருகிற மேட்டில் ஒரு குடிசை. நடுவே தடுப்பு. பாலும் முட்டையும் ஓய்வும். வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. நான் போவேன்.”

“அதற்குத் தோட்டம் ஆள் தராது.”

“ஆள் இருக்கிறார்கள்.”

இருந்தார்கள். அய்யாவு வேலை முடிந்து வந்து கம்பு நட்டான். இழுப்புக்கார நால்வரும் வெயில் ஏறின பிறகு வந்து அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்தார்கள். நடராஜா கங்காணி இல்லாத இடத்தில் எப்படி வேலை செய்வான் என்பதை அன்றுதான் தோட்டம் பார்த்தது. ஒரு இருமல் இல்லாமல் பத்து ஆள் வேலை செய்தான். பாப்பம்மா தன் கோழிகள் போடும் முட்டையைத் தானே கொண்டு வருவதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முனியாண்டி கீழ்ப்பக்கத்து அறைக்குக் குடிபோனான். அழகம்மா ஒரு பாயும் ஒரு சட்டியும் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். அய்யாவு பவளத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான். அவள் பிழைப்பாளா என்று கதிரவேலுவுக்குத் தெரியாது. புத்தகத்தில் பிழைத்தவர்களும் இருந்தார்கள், பிழைக்காதவர்களும் இருந்தார்கள். பிழைக்க வைக்கத் தம்மால் ஆனதையெல்லாம் செய்வது என்று மட்டும் முடிவு செய்திருந்தார்.

அழகம்மா குடிசைப் படியில் உட்கார்ந்தாள். குழந்தை அப்பன் தோளிலிருந்து இறங்கி அவளிடம் ஓடப் பார்த்தது. அய்யாவு அதன் கையைப் பிடித்துக்கொண்டான். குழந்தை வீறிட்டது.

“ஐயா, புள்ள எவ்வளவு தூரத்துல நிக்கலாம்?” என்று அழகம்மா கேட்டாள்.

அதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. கதிரவேலு படியிலிருந்து திரும்பி நடந்தார். பத்து அடி எடுத்து வைத்து நின்றார். யோசித்து இன்னும் இரண்டு அடி வைத்தார். செருப்புக் குதியால் செம்மண்ணில் ஒரு கோடு கிழித்தார்.

அழகம்மா அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தாள்.

“கிட்டத்தான் இருக்கு” என்றாள். “நாகப்பட்டணம் எம்புட்டுத் தூரம்.”

அய்யாவு குழந்தையைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினான். அது அழுகையை நிறுத்தி அம்மாவைப் பார்த்தது. காலையில் என்ன தின்றாய் என்று அவள் அங்கிருந்தே கேட்டாள். பவளம் விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கியது.